ஒப்பாரிக்குச் சிரித்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாரிஸின் லாச்சப்பலில், கணவனை ஆற்றுக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் ஒப்பாரியைக் கேட்டு அறுபது தமிழர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். சிரிக்க வைத்தவன் நான்.

இதை நானே எழுதிவிடுவது நல்லது. எங்கள் கடைத்தெருவான ரூ லூயி-பிளாங்கில் இந்தக் கதை இப்போது மூன்று விதமாக உலாவுகிறது. ஒன்றில் நான் தண்ணி போட்டிருந்தேனாம். இன்னொன்றில் எனக்கும் பியானோக்காரருக்கும் கைகலப்பாம். மூன்றாவது கதையில் நானே பாடினேனாம்... அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் சூசானா என்று ஒரு பெண்மணி இருக்கிறார். ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர். வயது நாற்பதுக்குச் சற்று மேல். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மாலையில் வீட்டில் பாடுவார். அவர் குடிவந்த புதிதில் இது எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மாலை என் மனைவி ரஞ்சி குசினிக்குள் முகட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"என்னப்பா, மேலை ஆரோ அழுகினம்."

"அழுகையில்லை. பாட்டுப் போலக் கிடக்கு."

"பாட்டோ? ஒரே இடத்திலை நிண்டு திரும்பத் திரும்ப அழுகிறா. பாவம், ஆரும் செத்துப் போச்சினமோ தெரியேல்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

நான் போகவில்லை. பாரிஸில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் ஒன்று தண்ணீர்க் குழாய் உடைய வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்க வேண்டும். ரஞ்சிக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஒரு கிண்ணத்தில் இரசத்தை ஊற்றிக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்த சூசானா, சத்தம் கூடிவிட்டதென்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டாராம். செத்தவீட்டில் போய்த் தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று ரஞ்சியும் "பர்தோன்" என்றாளாம். இருவரும் ஏழெட்டுப் பர்தோன் பரிமாறிக்கொண்ட பிறகு இரசம் உள்ளே போனது. சிநேகிதம் பிறந்தது.

போன மாதம் சூசானா ஒரு வேண்டுகோளோடு கீழே இறங்கி வந்தார்.

அவர் ஊரில் முறையாகப் பாட்டுப் படித்தவர். மேடைகளில் பாடியவர். கணவனைப் பின்தொடர்ந்து பாரிஸ் வந்தார். இப்போது கணவனும் இல்லை, மேடையும் இல்லை. முதலாமவரைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்பது வருடங்களாகத் தனியாக மேடையேறிப் பாடவில்லை என்பதைச் சொல்லும்போது விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மிலோஷ் என்று ஒரு செக் நாட்டுப் பெரியவர் பியானோ வாசிக்கச் சம்மதித்துவிட்டாராம். எட்டுப் பாட்டு. செக் மொழியில் நான்கு, ஸ்லோவாக்கில் நான்கு. சின்னச் சின்னக் கவிதைகளுக்கு இசையமைத்தவை. ஒரு குரல், ஒரு பியானோ, வேறெதுவும் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் வட்டார மண்டபத்தை அதன் பொறுப்பாளர் மதாம் கிளேர் இலவசமாகவே தருகிறாராம். ஒரேயொரு நிபந்தனை. வட்டாரத்து மக்கள் வரவேண்டும். மண்டபம் நிறைந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசானாவுக்கு. நிறையாவிட்டால்... இல்லை.

லாச்சப்பலில் வட்டாரத்து மக்கள் என்றால் யார்? சூசானா எங்கள் இருவரையும் பார்த்தார்.

ரஞ்சி யோசிக்கவேயில்லை. "ஆக்களை நான் கொண்டு வாறன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலை தமிழிலை இவர் விளக்கம் சொல்லுவார்" என்றாள்.

'இவர்' அப்போது பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்கிறேன். விமானச் சீட்டுப் போடுவது தொழில். ஆனால் என் புகழ் அதில் இல்லை. படிவம் நிரப்புவதில்தான். விசாவா, வதிவிட அட்டையா, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதமா... புறநகர்களான செவ்ரானில் இருந்தும் ஓல்னேயில் இருந்தும் ரெயில் ஏறி என்னிடம் வருவார்கள். "அண்ணைக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு" என்று பெயர்.

அந்தப் பெயரில் பாதிதான் உண்மை. எழுதிய பிரெஞ்சு எனக்கு நன்றாகவே தெரியும். படிவம் ஓடாது. நாம் அகராதியைப் புரட்டி முடிக்கும்வரை மேசையில் பேசாமல் கிடக்கும். பேசுகிற பிரெஞ்சு அப்படியா? யாராவது வேகமாகப் பேசினால் முதல் மூன்று சொற்கள் காதில் ஏறும். மிச்சம் மெற்றோ மாதிரிக் கண்முன்னாலேயே போய்விடும். இருபத்தெட்டு வருடமாக இந்த இரகசியத்தைக் காப்பாற்றி வருகிறேன். எப்படி? மிகச் சுலபம். விளங்காதபோதெல்லாம் "வுய் வுய், தக்கோர்" என்று தலையாட்டிவிடுவேன். ஆமாம் ஆமாம், சரி.

பாட்டுகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை சூசானா தாளில் தந்தார். தாள்! என் சொந்த மண். இரண்டு வாரம் இருந்து எட்டுப் பாட்டுக்கும் தமிழில் கதைச் சுருக்கம் எழுதினேன். எனக்கே பிடித்துப்போனது.

மூன்றாவது பாட்டு ஒரு பகிடி, வேடிக்கை. பெண் பார்க்க ஒருவன் வருகிறான். தாய் மாவுருண்டை அவித்துத் தட்டுத் தட்டாகப் பரிமாறுகிறாள். அவன் எல்லாவற்றையும் தின்கிறான், வாயைத் துடைக்கிறான், கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுகிறான். அந்த மாவுருண்டைக்கு என்ன பெயர் வைப்பது என்று தடுமாறியபோது ரஞ்சிதான் சொன்னாள்: "கொழுக்கட்டை எண்டு எழுதுங்கோ. எங்கடை சனத்துக்கு உடனை விளங்கும்."

நான்காவது பாட்டு ஒப்பாரி. மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஓட்டிப் போகும் தொழிலாளி ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் மனைவி ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரஞ்சி சொன்ன சொல் தவறவில்லை. மண்டபம் நிரம்பியது. ஆனால் யாரிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாளோ தெரியாது... பாதிப்பேர் கல்யாணத்துக்கு உடுத்துவது போல உடுத்தி வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் உணவகம் வைத்திருக்கும் தவம் அண்ணை இடைவேளைக்கென்று இரண்டு பெரிய தட்டம் வடையும் றோல்ஸும் கொண்டு வந்திருந்தார். மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, மைக் எங்கை?"

"மைக் இல்லை அண்ணை. இது மைக் இல்லாமல்தான் பாடுறது."

"மைக் இல்லாமலோ? ஏன், அவைக்கு வசதி இல்லையோ? என்ரை கடையிலை ஒண்டு கிடக்கு. எடுத்துக்கொண்டு ஓடியாறன்."

அவரை இருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்காரக் கதிரைகள் போதவில்லை. நான் உள்ளறையிலிருந்து கதிரைகளைச் சுமந்து வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் மிலோஷ் என்னை மறித்தார்.

மிலோஷுக்கு எழுபது வயதிருக்கும். நெடுத்த உருவம். வாயை முழுவதுமாக மூடும் மீசை. அவர் செக் வாடையில் பேசும் பிரெஞ்சு அந்த மீசைக்குள்ளால் வடிந்து வரும்போது பாதி எழுத்துகள் அங்கேயே தங்கிவிடும். இரண்டு கையிலும் கதிரைகளோடு நின்ற என்னிடம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். சூசானா என்ற பெயர் கேட்டது. தொண்டை என்பது போல ஒன்று கேட்டது. கடைசியில் என்னைக் கேள்வியோடு பார்த்தார்.

"வுய் வுய், தக்கோர்" என்றேன்.

அவர் திருப்தியோடு போனார். நிகழ்ச்சி தொடங்குமுன் பியானோவில் இருந்தபடி இன்னொரு தரமும் அதையே சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தவம் அண்ணையின் போன் அலறியது. முன்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

முதல் பாட்டு. நான் மேடையோரம் நின்று தமிழில் கதையைச் சொன்னேன். சூசானா பச்சை நிற நீண்ட சட்டையில் பியானோவின் வளைவில் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

இத்தனை காலமும் முகட்டுக்கு மேலிருந்து வந்த குரல் இதுதானா? கொங்கிறீட்டுக்குப் பாதியை உறிஞ்சக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. கடைசி வரிசையில் குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். தவம் அண்ணை என் பக்கம் திரும்பி, "மைக் வேண்டாம்" என்று கையால் சைகை காட்டினார்.

இந்த வகைக் கச்சேரியில் பாட்டுக்கு நடுவில் கைதட்டக் கூடாதாம். எங்கள் ஆட்களுக்கு அது தெரியுமா? பியானோ மூச்சு வாங்கினால் போதும், கைதட்டல். மிலோஷின் மீசை ஒவ்வொரு தரமும் துடித்தது. ஆனால் சூசானா சிரித்துக்கொண்டார். இரண்டாவது பாட்டுக்குள் அவருடைய தோள்கள் இளகிவிட்டன. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது. நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். கொழுக்கட்டைக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். "மாப்பிள்ளை ஒரு தட்டு முடிச்சார். தாய் இன்னொரு தட்டு வைச்சா. அதையும் முடிச்சார்..." சொல்லும்போதே சிரிப்புத் தொடங்கிவிட்டது. ஓல்னேயில் இப்படி ஒரு மாப்பிள்ளை உண்மையிலேயே வந்து போனதாக யாரோ பெயரையும் சொல்லிக் கூவினார்கள். மண்டபமே அதிர்ந்தது.

பியானோ தொடங்கியது. மெதுவாக. மிக மெதுவாக.

சூசானா கண்ணைத் தாழ்த்திப் பாடினார். பாடியபடியே இரண்டு கைகளாலும் ஒரு தட்டை எடுத்து, இல்லாத மேசையில் வைத்தார்.

"பார், முதல் கோப்பை!" என்று தட்டைக் காட்டியது பின்வரிசை. சிரிப்பு.

சூசானா திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. இன்னொரு சரணம். இன்னொரு முறை தட்டை வைத்தார்.

"ரெண்டாவது! திண்டு முடிச்சிட்டான்!"

தவம் அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். சூசானாவின் குரல் உயர்ந்து, உச்சியில் நடுங்கியது. "தாய்க்காரி களைச்சுப் போனா" என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். பகிடிப் பாட்டு இவ்வளவு மெதுவாகவா போகும்? ஒருவேளை செக் நாட்டுக்காரர்களின் பகிடி இப்படித்தானோ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் வரிசை ஓரத்தில் செவ்ரானில் இருந்து வந்த புஷ்பம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் இறந்து ஒன்றரை வருடம். அதற்கான படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு வெளியே எங்கும் போகாமல் இருந்த அவரை ரஞ்சிதான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். அவர் மடியில் கைகளைக் கோத்தபடி சூசானாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது பாட்டுக்கு நான் குரலைத் தாழ்த்தி ஆறு, தெப்பம், திரும்பி வராத கணவன் என்று சொன்னேன். மண்டபம் அமைதியானது. ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

பியானோ தொடங்கியது. துள்ளல். குதிரை ஓடுவதுபோல் ஒரு துள்ளல்!

சூசானா இடுப்பில் கை வைத்தார். கண்ணை உருட்டினார். வாசலைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். கையை விரித்தார்.

அப்போது எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. மிலோஷ் வாசலில் சொன்னது, பியானோவிலிருந்து சொன்னது, எல்லாம். மூன்றையும் நான்கையும் மாற்றியிருக்கிறார்கள். தொண்டை களைப்பதற்கு முன் அந்த உச்சி வருகிற பாட்டைப் பாடிவிட வேண்டுமென்று.

என் பின்னாலிருந்த இரண்டு பெண்கள் கதைப்பது காதில் விழுந்தது.

"ஏனடி இவ சிரிக்கிறா? மனுசனெல்லே செத்துப் போனான்?"

"துக்கம் முத்தி மூளை பிசகிப் போச்சுது. பார், வயித்தைத் தடவுறா. பிள்ளை வேறை வயித்திலை இருக்குது போலை."

"ஐயோ, கடவுளே..."

அவர்கள் அழத் தொடங்கினார்கள். அழுகை வரிசை வரிசையாகப் பரவியது. சூசானா துள்ளத் துள்ள எங்கள் சனம் தேம்பித் தேம்பி அழுதது. பாட்டின் முடிவில் மிலோஷ் வேடிக்கையாக ஒரு தட்டுத் தட்டி எழுந்தார். எதிரே அறுபது பேர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தபடி.

இடைவேளை.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மதாம் கிளேர் அங்கேயே வந்து பிடித்துவிட்டார். கையில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புத் தாள். கண்களில் வியப்பு. என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, மெதுவாக, தெளிவாகக் கேட்டார்.

"முசியே, இது உங்கள் கலாசாரமா? சாவுக்குச் சிரிப்பதும், வேடிக்கைக்கு அழுவதும்?"

பாருங்கள், இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பிரெஞ்சு வாக்கியம் முழுவதுமாக, ஓர் எழுத்தும் சிந்தாமல் எனக்கு விளங்கிய தருணம் அது. அதற்கும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வுய் வுய்."

"எவ்வளவு அருமை!" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார். தப்பித்தேன்! என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. தமிழர்களுக்குச் செக்கும் ஸ்லோவாக்கும் தெரியாது. சூசானாவுக்குத் தமிழ் தெரியாது. மூவாயிரம் வருடக் கலாசாரம் ஒன்று என் தவறைச் சுமக்க முன்வந்திருக்கிறது. சுமக்கட்டுமே?

அப்போது என் முழங்கையை யாரோ தொட்டார்கள். புஷ்பம் அக்கா.

"தம்பி, அது கொழுக்கட்டைப் பாட்டில்லை."

"ஏனக்கா அப்பிடிச் சொல்லுறியள்?"

"நானும் ஒரு வருசம் அவருக்குக் கோப்பை வைச்சனான். அந்தப் பிள்ளை வைச்ச மாதிரித்தான் வைச்சனான். சாப்பிட ஆளிருந்தா அப்பிடி வைக்கமாட்டினம். சத்தம் கேக்க வைப்பினம்." மேடைப் பக்கம் திரும்பினார். "சனம் சிரிச்சதைப் பாத்து அந்தப் பிள்ளையின்ரை முகம் செத்துப் போச்சுது. நீர் பாக்கேல்லையோ?"

நான் பார்த்திருந்தேன்.

மண்டபத்தின் பின்னால் ஒரு சின்னக் குசினி உண்டு. அங்கே சூசானா மேலங்கியைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. ரஞ்சி அவர் கையைப் பிடித்தபடி என்னவென்று தெரியாமல் நின்றாள். மிலோஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிப் பாடமாட்டேன்" என்றார் சூசானா. "ஒன்பது வருடம். நான் பாட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. கேலிக்கூத்தாகிவிட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை."

என் வாழ்க்கையில் பிரெஞ்சில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு விஷயத்தை நான் சொன்னதில்லை. மூன்றாவது, நான்காவது, கதை, மாறி, நான், நான்தான். சொற்கள் வரிசையில் வரவில்லை. ஆனால் வந்து சேர்ந்தன. சூசானா பொத்தானில் வைத்த கையோடு நின்றார்.

"அப்படியென்றால் அவர்கள் சிரித்தது எனக்கு இல்லையா?"

"இல்லை. கொழுக்கட்டைக்கு."

மிலோஷ் சுவரிலிருந்து திரும்பினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக மீசையைத் தாண்டி வந்தது.

"நான் இரண்டு தரம் சொன்னேன். நீங்கள் ஆமாம் என்றீர்கள்."

"விளங்கவில்லை."

"விளங்காவிட்டால் ஏன் ஆமாம் என்றீர்கள்?"

நல்ல கேள்வி. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஏன்?

வந்த புதிதில் அரசாங்க அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் நின்று "விளங்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பின்னால் நிற்கும் நாற்பது பேரின் பெருமூச்சு பிடரியில் படும். "வுய்" என்றால் எல்லோரும் புன்னகை செய்வார்கள். வரிசை நகரும். அப்படித்தான் பழகினேன். ஒருமுறை முடிதிருத்தும் கடையில் "வுய்" சொல்லி மொட்டையோடு வெளியே வந்தேன். இன்னொருமுறை பக்கத்து வீட்டு முதியவரிடம் "வுய்" சொன்னேன். மறுநாள் அவர் பூனையைக் கூடையோடு கொண்டுவந்து தந்துவிட்டு மூன்று வாரம் விடுமுறையில் போனார். அப்போதும் நான் திருந்தவில்லை. பிறகு பெயர் வந்தது. பிரெஞ்சு தெரிந்தவர் என்ற பெயர். அதன் பிறகு எப்படிக் கேட்பது? தெரியாதவன் கேட்கலாம். தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் கேட்டால் பெயர் போய்விடாதா?

இதையெல்லாம் மிலோஷிடம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. "வெட்கம்" என்று ஒரு சொல்தான் சொன்னேன்.

மிலோஷின் மீசை மெல்ல விரிந்தது. "முதல் ஐந்து வருடம் நானும் அப்படித்தான்" என்றார். "ஒரு நாடகக் குழுவில் ஆமாம் என்றேன். ஒரு பருவம் முழுக்க மேடையில் மரமாக நின்றேன்."

முதலில் சிரித்தது சூசானாதான். மேலங்கியோடேயே சுவரில் சாய்ந்து, மை இன்னும் கரையக் கரையச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் ரஞ்சியும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சூசானா பொத்தான்களைக் கழற்றினார். "அந்தப் பாட்டை மறுபடியும் பாட வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும்."

குசினியில் சொல்வது ஒன்று. என்னிடம் படிவம் கொண்டு வரும் அறுபது பேருக்கு முன்னால் சொல்வது வேறொன்று. மேடையேறினேன். வடையும் றோல்ஸும் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"ஒரு பிழை நடந்திட்டுது. மூண்டாம் பாட்டுக்கு நான் சொன்ன கதை நாலாம் பாட்டின்ரை. நாலாம் பாட்டுக்குச் சொன்னது மூண்டாம் பாட்டின்ரை. பியானோக்காரர் மாத்தினதை எனக்குச் சொன்னவர். எனக்கு... எனக்கு அவற்ரை பிரெஞ்சு விளங்கேல்லை."

தவம் அண்ணை மெல்ல எழுந்தார்.

"அப்ப நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சது?"

"செத்தவீட்டுக்கு, அண்ணை."

"அழுதது?"

"கொழுக்கட்டைக்கு."

தவம் அண்ணை கையிலிருந்த வடையைப் பார்த்தார். யோசித்தார். தட்டத்தில் திரும்ப வைத்தார். "கெட்ட பாவமெல்லே தம்பி" என்றார். பின்வரிசையில் ஒரு குரல்: "போன வருசம் என்ரை விசாப் பேப்பரிலையும் உப்பிடித்தான் ஏதும் மாத்தி எழுதினீங்களோ?" சிரிப்பு வெடித்தது. இந்த முறை அது எனக்குச் சொந்தமான சிரிப்பு. வாங்கிக்கொண்டேன். ரஞ்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். மதாம் கிளேரிடமும் போய்ச் சொன்னேன்: "அது கலாசாரம் இல்லை மதாம். நான்."

பிறகு மிலோஷிடம் இரண்டாம் பாதியின் வரிசையைக் கேட்டேன். சொன்னார். விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தரம் என்றேன். விரல்விட்டு எண்ணிக் காட்டினார். உலகம் இடிந்து விழவில்லை.

சூசானா வந்து நின்றார். அதே மெதுவான பியானோ. அதே தட்டு. இரண்டு கைகளாலும், சத்தமில்லாமல், இல்லாத மேசையில் வைத்தார். இம்முறை மண்டபத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. பியானோ மூச்சு வாங்கிய இடங்களில் யாரும் கைதட்டவில்லை. முடிந்த பிறகும் தட்டவில்லை. மிலோஷ் பியானோவிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் எங்கோ ஒருவர் தொடங்கினார்.

மிச்ச நான்கு பாட்டுகளும் முடிந்து, கடைசியில் கொழுக்கட்டைப் பாட்டையும் இன்னொரு முறை பாடினார்கள். தவம் அண்ணை மிகக் கவனமாக, என்னிடம் கண்ணால் அனுமதி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மதாம் கிளேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாக அங்கேயே சொல்லிவிட்டார். சனம் கலைந்தது. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தால், பியானோவுக்குப் பக்கத்தில் புஷ்பம் அக்காவும் சூசானாவும் இருந்தார்கள். அக்கா தமிழில் ஏதோ சொல்கிறார். அவருக்குப் பிரெஞ்சு சுத்தமாக வராது. சூசானா கேட்டுவிட்டு ஸ்லோவாக்கில் ஏதோ சொல்கிறார். அக்கா தலையாட்டுகிறார். பிறகு அக்கா தன் கணவர் எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார். சூசானா கண்ணைத் துடைக்கிறார்.

பாவம், இவர்களுக்கு ஒன்றுமே விளங்காதே! செய்த பாவத்துக்குப் பரிகாரமாக இந்த உதவியையாவது செய்வோம் என்று கதிரையைப் போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, நான் பிரெஞ்சிலை சொல்லுறன்" என்றேன்.

புஷ்பம் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, நீர் கொஞ்சம் பேசாமல் இரும்."